திண்ணைக்கு வாடகை இல்லை

ஒரு வீட்டின் மனத்தை அறிய அதன் உள்ளறைகளுக்குள் செல்ல வேண்டியதில்லை. தெருவைப் பார்த்த முகப்பே போதும். பழைய வீடுகளின் முகப்பில் திண்ணை இருந்தது. வெயிலில் வந்தவர், மழையில் நனைந்தவர், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு இரவைக் கழிக்க நினைத்தவர் எவரும் அங்கே கேளாமலே அமரலாம்; படுக்கலாம். விடிந்ததும் நன்றி சொல்லிச் செல்வோரும் உண்டு. சொல்லாமற் செல்வோரும் உண்டு. இருவரையும் வீடு ஒன்றுபோலவே ஏற்றுக்கொண்டது.

அப்படிப்பட்ட ஒரு திண்ணையை நாங்கள் அடைத்தோம். பின்பு நாங்களே திறந்தோம். இடையில் நடந்ததை இங்கே எழுத முற்படுகிறோம். பெருமைக்காக எழுதவில்லை என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை செல்லும் சாலையில் மத்திகிரி இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்துக் கால்நடைப் பண்ணையால் பெயர் பெற்ற ஊர். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எங்கள் வீடு 1934ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கட்டியவர், எங்களுள் கணவருடைய பாட்டனார். பண்ணையில் கணக்கு எழுதியவர். முன்பகுதிக்கு மண் சுவரும் மங்களூர் ஓடும். நடுவில் சிறிய முற்றம். அதைச் சுற்றி நான்கு மரத்தூண்கள். பின்பகுதி இரண்டு அறைகளுக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் செங்கல் தளம். கூடத்துச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழ் அணையாத ஒரு சிறு விளக்கு. வீட்டுக்கு முன்னே, கதவின் இருபுறமும், கற்பலகை பாவிய அகன்ற திண்ணைகள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கேழ்வரகும் புளியும் ஏற்றிவந்த வண்டிக்காரர்கள் அங்கே படுத்தார்கள். பங்குனியில் ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் தேருக்கு நடந்துபோனவர்களும் படுத்தார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஒலித்த திண்ணை அது. யார், எந்தச் சாதி, எந்த வேதம் என்று பாட்டி கேட்டதில்லை. "சாப்பிட்டாயா?" என்று மூன்று மொழிகளிலும் கேட்க மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பின்பு காலம் மாறியது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் எங்கள் வட்டாரத்தில் உருவாகத் தொடங்கின. கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் சுற்றுச்சுவர்கள் எழுந்தன. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்கள் தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினார்கள். அவர்களில் நால்வருக்கு எங்கள் அம்மா பின்னறையை வாடகைக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாயிற்று; ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. ஊர் வளர வளர, வந்தவர்களை உட்காரவைக்கும் திண்ணைகள் தெருவில் ஒவ்வொன்றாக மறைந்தன. கடையாகின, வண்டி நிறுத்தும் இடமாகின, இரும்புக் கதவாகின.

அம்மா 2014இல் இறைவனடி சேர்ந்தார். வீடு பூட்டப்பட்டது. நாங்கள் அப்போது பணியின் பொருட்டு வேறோர் ஊரில் இருந்தோம். மாதம் ஒருமுறை வந்து பெருக்கிவிட்டுப் போவோம். ஆள் இல்லாத வீடு எத்தனை விரைவாகத் தளர்கிறது என்பதை அந்த ஈராண்டில் கண்டோம். ஓடு ஒன்று நழுவினால் மழை உள்ளே வரும். மழை வந்தால் கைமரம் நனையும். நனைந்த மரத்தைக் கரையான் தேடி வரும். அடுப்பு எரிந்த காலத்தில் புகையே கூரை மரத்தைக் காத்தது என்பது அடுப்பு அணைந்த பின்தான் புரிந்தது.

2016இல், வீட்டை இடித்து நான்கு மாடிக் கட்டடம் எழுப்ப விரும்பிய ஒருவர் நல்ல விலை சொன்னார். பெங்களூரில் வாழும் அக்கா விற்றுவிடலாம் என்றார். அவர் மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அதில் பேராசை ஏதுமில்லை. "தம்பி, சுவருக்காக மனுஷங்க கஷ்டப்படணுமா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் நேரான விடை இருக்கவில்லை.

அந்த ஆண்டு உறவினர் திருமணம் ஒன்றுக்காகக் காரைக்குடி சென்றிருந்தோம். முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் அங்கே சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கதவுகள் விலைச்சீட்டுடன் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கதவின் நிலையில், குழந்தையின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து கீறிய கோடுகள் இருந்தன. அந்த வீடு போய்விட்டது. கோடுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அதே வட்டாரத்தில், கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில மாளிகைகள் செப்பனிடப்பட்டு விருந்தினர் தங்கும் இல்லங்களாக உயிர்வாழ்வதையும் கண்டோம். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பின் முயற்சியால் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகள் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் மீட்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றதையும் படித்திருந்தோம். நம் வீடு மாளிகையன்று. ஆயினும் இந்த வழி நமக்கும் உண்டே என்று தோன்றியது. தொழிற்சாலைகளுக்கு வந்துபோகும் பொறியாளர்கள் பலர். அமைதியாக ஓர் இரவு தங்க இடம் தேடுவோர் பலர். வீடு தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளட்டும் என முடிவு செய்தோம். ஓய்வூதியப் பணத்திலிருந்து அக்காவின் பங்கைக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் மனத்தாங்கல் இருந்தது. சந்தை விலையை விடக் குறைவாகவே கொடுத்தோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

* * *

வேலை 2017 சனவரியில் தொடங்கியது. பாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். தெலுங்கு தாய்மொழி, தமிழ் எங்களைப் போலவே பேசுவார். அவர் முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. சுவர்களைக் கைவிரல் மடக்கால் தட்டிக்கொண்டே வீட்டை மும்முறை சுற்றிவந்தார். மேற்குச் சுவர் அருகே நின்றார். அச்சுவருக்கு 1996இல் நாங்களே முன்னின்று சிமெண்டு பூச வைத்திருந்தோம். அன்று அதை முன்னேற்றம் என்று எண்ணினோம். அவர் உளியால் ஓர் இடத்தைப் பெயர்த்தார். சிமெண்டு பலகையாகக் கழன்று விழுந்தது. அதற்குப் பின்னிருந்த மண் மாவாக உதிர்ந்தது.

"சார், இந்தச் சுவத்துக்கு மூச்சுவிட வழியில்லாமப் பண்ணிட்டீங்க. தரையிலேர்ந்து ஏறுற ஈரம் எந்தப் பக்கம் போகும்?" என்றார்.

மண் சுவர் ஈரத்தை வாங்கும். வெயிலில் அதைத் திருப்பி விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடங்கொடுக்கும். சிமெண்டோ வாயைப் பொத்திவிடும். சுவரைக் காப்பதாக எண்ணி நாங்கள் அதன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தோம். அன்பின் பெயரால் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் நாம் இதையே செய்வதில்லையா என்று அன்றிரவு எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

சிமெண்டு முழுவதும் பெயர்க்கப்பட்டது. உதிர்ந்த இடங்களில் வைக்கோல் கலந்து மிதித்த மண்ணை அப்பினார்கள். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு, மணலுடன் அரைத்துப் பூசினார்கள். பின்னறைத் தளத்தில் இரண்டு உத்திரங்களைக் கரையான் தின்றிருந்தது; அவற்றை மட்டும் மாற்றினோம். மேலே செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆறு பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டினார்கள். ஒருவர் தட்டும்போது மற்றவர் ஓங்குவார். கட்டையின் ஓசை மாறுவதைக் கேட்டே, தளம் இறுகிவிட்டதா இல்லையா என்று மேஸ்திரி கீழிருந்தபடி சொல்லிவிடுவார்.

புதியதை எங்கே வைப்பது என்பதிலும் அவரே எங்களுக்கு ஆசான். குளியலறைகளைப் பழைய சுவருக்குள் குடையாமல், கொல்லைப்புறத்தில் தனிக் கட்டடமாக எழுப்பி ஒரு கதவால் இணைத்தார். நீர்த்தொட்டியைப் பழைய தளத்தின்மேல் ஏற்றாமல் தனித் தூண்களில் நிறுத்தினார். கூரையிலிருந்து இறக்கிய மங்களூர் ஓடுகளில் பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் நம் நாட்டுக் கூரைகளையே மாற்றியது. ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது. அவற்றைக் கழுவி மீண்டும் ஏற்றினோம்.

இத்தனையும் சரியாகச் செய்த நாங்கள் ஒன்றில் தவறினோம். திண்ணையை அடைத்தோம்.

விருந்தினர் வந்ததும் அமர 'வரவேற்பறை' வேண்டும் என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். சாலையில் தூசி, இரவில் குடித்துவிட்டு வந்து படுப்பவர்கள், தெருநாய்கள். காரணங்கள் எல்லாம் உண்மையே. திண்ணைமேல் இரும்புக் கிராதி வைத்துக் கண்ணாடி பொருத்தினோம். உள்ளே மெத்தை நாற்காலி, மேசை, கணிப்பொறி. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "திண்ணையை அடைச்சுட்டா வர்றவங்க எங்க சார் உக்காருவாங்க?"

"இனிமேல் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள், மேஸ்திரி" என்றோம். அவர் மறுமொழி பேசவில்லை.

2018 ஆகஸ்டில் பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரித்தார். நான்கு அறைகள். மத்திய சுற்றுலாத் துறையின் இல்லத் தங்கல் திட்டத்தில் ஆறு அறைகள் வரைதான் அனுமதி. உரிமையாளர் அதே வீட்டில் வாழ வேண்டும். எனவே நாங்களும் ஊர் திரும்பி முன்பகுதியில் குடியேறினோம். வருவோர் பெயரையும் அடையாளச் சான்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளிநாட்டினர் என்றால் 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்கு இணையவழி தெரிவிக்க வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தோம். அக்கா மந்திரிப்புக்கு வரவில்லை.

* * *

அந்த நவம்பரில் ஓர் இரவு. ஒன்பதரை மணி இருக்கும், விடாத மழை. கிராதிக்கு வெளியே யாரோ நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணும். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சிறிது இந்தியும் சைகையுமாகப் புரிந்துகொண்டோம். மகளுக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தனியே அனுப்ப மனமின்றித் தந்தை துணைக்கு வந்திருக்கிறார். விடுதிக் கதவு காலையில்தான் திறக்குமாம். ஓர் இரவு தங்க இடம் கேட்டார்.

வாடகையைச் சொன்னோம். அவர் முகம் மாறியது. அடையாளச் சான்று கேட்டோம். நனைந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார், எழுத்துகள் கலைந்திருந்தன. எங்களுக்குள் ஒரு தயக்கம். நாளை ஏதேனும் வம்பு வந்தால்? புதிய விரிப்புகள் ஈரமாகுமே? பிற விருந்தினர் என்ன நினைப்பார்கள்? இவை எல்லாம் ஒரு நொடியில் மனத்தில் ஓடின. பிறகு எங்கள் வாயிலிருந்து வந்த சொல்: "இடமில்லை."

அன்று இரண்டு அறைகள் காலியாக இருந்தன.

அவர் கைகூப்பினார். அந்தப் பெண் திரும்பும்போது சுற்றுமுற்றும் பார்த்தாள். மழைக்கு ஒதுங்க ஓர் ஓரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். எங்கள் பாட்டனார் அவளுக்காக ஓர் ஓரத்தைக் கட்டித்தான் வைத்திருந்தார். நாங்கள் அதற்குக் கண்ணாடி போட்டிருந்தோம். இருவரும் பெட்டியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கூட்டுரோட்டை நோக்கி நடந்தார்கள். கால் மணி நேரம் கழித்து மனம் பொறாமல் குடையெடுத்துக்கொண்டு தேடிப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இல்லை.

அடுத்த மாதம் ஆலயத்தில் குடில் கட்ட வழக்கம்போல் எங்களை அழைத்தார்கள். வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு நிற்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வீடு திரும்பினோம். நாங்கள் சொன்ன இரண்டாவது பொய் அது.

* * *

2019 சனவரியில் ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் மூன்று வாரம் தங்கினார். இயந்திரம் ஒன்றை நிறுவ வந்தவர். ஓசூருக்கு ஜப்பானியர் புதியவர் அல்லர். 1980களில் சுசுகி நிறுவனத்தின் கூட்டில் இங்கே மோட்டார் சைக்கிள் உருவாகத் தொடங்கிய நாள்முதல் அவர்கள் வந்துபோகிறார்கள். இவர் அதிகம் பேசாதவர். முதல் நாளே முற்றத்துத் தூணின் அடியில் குந்தி உட்கார்ந்து, மரம் கல்லைத் தொடும் இடத்தை நெடுநேரம் பார்த்தார். தம் பாட்டியின் வீட்டிலும் தூண்கள் இப்படித்தான் வெறுமனே கல்லின்மேல் நிற்கும் என்றார். நிலம் நடுங்கும்போது தூண் கல்லின்மேல் சற்று நகர்ந்து கொடுக்குமாம், வீடு ஒடியாதாம்.

அவர் சொல்லச் சொல்ல, கடல் கடந்த அந்த வீடு எங்கள் வீட்டுக்குத் தம்பிபோலத் தோன்றியது. மூங்கிற் பிளாச்சுகளை வலையாகக் கட்டி வைக்கோல் கலந்த மண்ணை அப்பிய சுவர். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. நாம் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதுபோல் அவர்கள் கடற்பாசியைக் காய்ச்சிய பசையைச் சேர்க்கிறார்கள். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது என்றார். அவரும் அவர் தம்பியும் நகரத்தில் இருக்கிறார்கள். விற்க மனமில்லை, வாழ வழியில்லை. இது ஒரு குடும்பத்தின் கதையன்று. 2023ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளின்றி இருப்பதைக் காட்டியது; ஏழு வீடுகளுக்கு ஏறத்தாழ ஒன்று. பிள்ளைகள் குறைந்தார்கள், இருந்தவர்கள் நகரம் சேர்ந்தார்கள், கிராமத்து வீடுகள் காத்திருந்து காத்திருந்து சரிகின்றன.

அங்கும் சிலர் அத்தகைய வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினருக்குத் திறக்கிறார்கள். அலெக்ஸ் கெர் என்னும் அமெரிக்கர் 1973இல், மாணவராக இருந்தபோதே, இயா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட புல்வேய்ந்த வீடு ஒன்றை வாங்கினார். அது பின்னர் முறையாகச் செப்பனிடப்பட்டுத் தங்கும் இல்லமாயிற்று. சொந்த வீட்டைத் தங்கலுக்கு விடுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2018 சூன் 15 முதல் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. சமையலறை, குளியலறை, கழிப்பறை, கைகழுவும் இடம் நான்கும் வேண்டும். ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் விடக்கூடாது. உள்ளாட்சிகள் இன்னும் குறைக்கலாம். வீடு வீடாகவே இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1981க்கு முன் கட்டியவை புதிய நிலநடுக்க விதிகளுக்கு முற்பட்டவை. ஆகவே அவற்றை வலுப்படுத்தும் செலவே பலரைத் தயங்க வைக்கிறது.

கூடத்துத் திரு இருதயப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். அவர் கிறித்தவர் அல்லர். ஆனால் நாகசாகி மாநிலத்தவர். அங்கே நோசாகி என்னும் தீவு. தடைக்காலத்தில் விசுவாசத்தை மறைத்து வாழ்ந்தவர்களின் வழிவந்த பதினேழு குடும்பங்கள் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தில் 1908இல் அங்கே செங்கல் ஆலயம் ஒன்றை எழுப்பினார்கள். பிழைப்பு கடினமாக, 1971இல் கடைசிக் குடும்பங்களும் அந்தக் கிராமத்தை விட்டு வெளியேறின. ஆலயம் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது. 2018இல் உலக மரபுச் சின்னங்களுள் அத்தீவின் கிராமங்களும் இடம்பெற்றன. மூடப்பட்ட பள்ளிக்கூடம் இப்போது வருவோர் தங்கும் இடம். பிள்ளைகள் பாடம் படித்த அறையில் அயலார் உறங்குகிறார்கள். வெளியே மான்கள் மேய்கின்றன. மக்கள் இல்லாத ஊரில் விருந்தோம்பல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஊர் திரும்புவதற்கு முந்தின மாலை அவர் எங்களிடம் ஒன்று கேட்டார்: கண்ணாடிக்குள் இருக்கும் இந்தக் கல்மேடை எதற்கு? திண்ணை என்றால் என்ன என்று விளக்கினோம். அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் வீடுகளில் எங்காவா என்று ஒன்று உண்டாம். அறைக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஓடும் பலகைத் தளம். பக்கத்து வீட்டார் செருப்பைக் கழற்றாமலே அதன் ஓரத்தில் அமர்வார்கள். வீட்டுக்காரர் உள்ளிருந்து தேநீர் கொண்டுவருவார். உள்ளே அழைக்கவும் வேண்டாம், வெளியே நிறுத்தவும் வேண்டாம். "பாட்டி வீட்டில் எனக்கு நினைவிருப்பது அறைகள் இல்லை, அந்த ஓரம்தான்" என்றார். எங்கள் அடைத்த திண்ணையைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

* * *

மார்ச்சில் மேஸ்திரியை அழைத்தோம். கிராதியையும் கண்ணாடியையும் கழற்ற அரை நாள் ஆயிற்று. மேசையும் கணிப்பொறியும் நடைக்குள் போயின. உள்கதவுக்கு நல்ல பூட்டு. அதனால் தங்குவோருக்குப் பாதுகாப்புக் குறையவில்லை. திண்ணைமேல் ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்ப் பானை. திண்ணையை ஒட்டிய சிறிய அறையை வாடகைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். வேறு போக்கிடமின்றி இரவில் வருவோருக்கு அது. அடையாளம் கேட்பதை விட்டுவிடவில்லை, சட்டம் சட்டந்தான். நனைந்த தாள் என்றால் ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்கிறோம். முன்பே இதைச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

நான்கு அறை மூன்றாயிற்று. வங்கிக் கடன் தவணை மட்டும் குறையவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. பல மாதங்கள் ஒரு விருந்தினரும் இல்லை. அந்நாட்களில் பங்கு இளைஞர்கள் அதே திண்ணையில் அமர்ந்து உணவுப் பொட்டலம் கட்டினார்கள். வேலையிழந்து நடந்த வடமாநிலத் தொழிலாளர் அங்கேயே அமர்ந்து உண்டார்கள். அந்த ஆண்டு வீடு ஈட்டிய வருமானம் மிகச் சிறிது.

திண்ணையால் தொல்லையும் உண்டு. வெற்றிலைச் சாற்றைச் சுவரில் உமிழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர்க் குவளை இருமுறை காணாமற்போயிற்று. இரவில் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று விருந்தினர் ஒருவர் அறையைக் காலி செய்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அரை வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். விருந்தையும் வியாபாரத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் உண்மையாக இருப்பது எளிதன்று. பணம் வாங்குவது பாவமென்று நாங்கள் எண்ணவில்லை. அந்தப் பணந்தானே இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பாகிறது. ஆயினும் வீடு முழுவதையும் விலைக்கு வைத்துவிட்டால், விலை கொடுக்க இயலாதவர் வந்து நிற்கும்போது நமக்குப் பொய் தேவைப்படுகிறது. ஓர் ஓரத்தையாவது விலையில்லாமல் விட்டுவைத்தால் உண்மை பேச முடிகிறது. நாங்கள் கற்றது இவ்வளவே.

அக்கா 2021இல் வந்தார். சொல்லாமல் வந்து, உள்ளே வராமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். கதவைத் திறந்தபோது, பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்தில் கற்பலகையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "இதை மட்டும் இடிக்காம வச்சிருக்கீங்களே" என்றார். இடையில் அது கண்ணாடிக்குள் இருந்ததை அவர் அறியார். நாங்களும் அன்று சொல்லவில்லை. அவருக்குக் குறைவாகக் கொடுத்த பங்கின் மீதியை இப்போது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கொடுத்துவருகிறோம். முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். இந்த இதழ் அவர் கைக்குப் போகும். கண்ணாடியின் கதையையும் அப்போது அறிந்துகொள்வார்.

பதிவேடு மேசைமேல் இருக்கிறது. பெயர், ஊர், வந்த நாள், சென்ற நாள். திண்ணையில் அமர்ந்தோரின் பெயர்கள் அதில் இல்லை. மாலையில் வேலைமுறை முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் போகிறார்கள். ஒடிசாவும் சார்க்கண்டும் அசாமும் தங்கள் மொழிகளில் சிரித்துக்கொண்டு கடக்கின்றன. சிலர் செருப்பு வாரைச் சரிசெய்யத் திண்ணையில் ஒரு நிமிடம் அமர்வதுண்டு. அவர்களில் அன்றிரவு வந்தவள் இருக்கிறாளா என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறோம். இருட்டில், மழையில், கண்ணாடி வழியே பார்த்த முகம். இனி எதிரே வந்து நின்றாலும் எங்களுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அதனால் யார் வந்து அமர்ந்தாலும் எழுந்து போய், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம்.